சி-14

ஹவல்லியில் இப்னு கல்தூன் தெரு.
மாலை ஏழு மணி, காற்றில் மாவு சலித்தது போல் தூசு.
கடைக்குள் நாற்பது லேப்டாப்கள் திறந்து கிடக்கின்றன,
நாற்பதிலும் ஒரே கிளி.

ஷம்நாது கொல்லத்துக்காரன்.
"ஃபோர்கே எடுத்தோ சேட்டா, தூவலெண்ணாம்" என்கிறான்.
நான் எண்ண வேண்டியது இறகையல்ல, கம்பியை.
தூணுக்கு எத்தனை, உத்திரத்துக்கு எத்தனை,
பன்னிரண்டா பதினாறா,
வளையத்துக்கும் வளையத்துக்கும் எவ்வளவு இடைவெளி.
கான்கிரீட் விழுந்தபின் யாரும் பார்க்க முடியாதவற்றை
பதினெட்டு வருடமாகக் குவைத்தில்
வரைந்துகொண்டிருக்கிறேன்.

பழையது 1366-க்கு 768.
சிவில் ஐடி எண் மாதிரி மனப்பாடம்.
அதில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகள்
பாகம் பிரிக்காத பங்காளிகள்.
பெரிதாக்கினால் பிரியும்.
ஆனால் பெரிதாக்கினால்
மற்ற தூண்களெல்லாம் திரையைவிட்டுப் போய்விடும்.
மவுஸ் சக்கரத்தை உருட்டி உருட்டி
ஆள்காட்டி விரலில் ஒரு காய்ப்பு.

பென்டிரைவைச் செருகி
என் வரைபடம் ஒன்றைத் திறந்தேன்.
மஹ்பூலாவில் பதினோரு மாடி, எப்போதோ கட்டி முடித்தது.
கிளி எல்லாத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும்.

பதினான்கு அங்குலத்தில் ஃபோர்கே:
கோடு பட்டுநூல்.
எழுத்து கடுகு.
கடுகையாவது வறுத்தால் வெடிக்கும்.
"ஸ்கேலிங் இருநூறு வெச்சால் மதி."
வைத்தான். எல்லாம் பெருத்தது.
நாலு புள்ளி கூடி ஒரு புள்ளியின் வேலையைப் பார்த்தன.
எங்கள் கம்பெனியில் இது தலைகீழ்.
என் பழைய மென்பொருளோ
பெருக்கச் சொன்னதும் கலங்கிப்போய்
ஈரத் துணியில் எழுதியது போல் நின்றது.
பேட்டரி? கேட்டேன்.
ஷம்நாது சார்ஜரைக் கையில் எடுத்துக் காட்டினான்.

என் வயது நாற்பத்தாறு என்று அவனிடம் சொல்லவில்லை.
லேப்டாப்பை ஒரு சாண் தள்ளிவைத்துப்
பார்த்தபோது அவனே தெரிந்துகொண்டான்.
"அடுத்தது கண்ணாடிக் கடையா சேட்டா."

பதினாறு அங்குலம், 2560-க்கு 1600.
ஸ்கேலிங் நூற்றிருபத்தைந்து.
தூண்கள் பாதித் தளத்துக்கு வரிசையாக நின்றன,
கம்பிகள் தனித்தனியே,
எண்கள் எட்டிப் பார்க்காமலே.
நல்லது என்று சொல்ல வாயெடுத்தபோது
சி-14, மூன்றாம் தளம்,
வளைய இடைவெளி 180.

150 அல்லவா.

பழைய திரையில் தள்ளி நின்று பார்த்தால்
ஐந்தும் எட்டும் ஒரே சாயல்.
முதலில் தூசு என்று நினைத்துச் சட்டைக்கையால் துடைத்தேன்.
எட்டு இன்னும் பளிச்சென்றானது.
அந்தக் கட்டடத்தைப் பேருந்திலிருந்து தினமும் பார்க்கிறேன்.
மூன்றாம் மாடியில் யாரோ
குழந்தையின் நீச்சல் உடுப்பைக் காயப்போடுகிறார்கள்.

வாசலுக்கு வந்து காசிலிங்கத்துக்குப் போன் போட்டேன்.
கம்பி கட்டுகிற ஃபோர்மேன். ஃபர்வானியாவில் இருக்கிறார்,
இரைச்சலுக்கு நடுவில் எதையோ மென்றுகொண்டு.
"ஆமா சார், நூத்தியெம்பதுன்னுதான் இருந்துச்சு.
கீழயும் மேலயும் நூத்தம்பது,
நடுவுல இது மட்டும் என்னத்துக்கு மாறுதுன்னு
நூத்தம்பதே கட்டிட்டோம்."
ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.
"அன்னிக்கு நீங்க லீவு சார்."
பிறகு அவராகவே,
"அந்த பேப்பர்ல பெரிய எட்டாத்தான் இருந்துச்சு" என்றார்.

உள்ளே போனேன்.
ஷம்நாது விலையில் பன்னிரண்டு தினார் குறைத்திருந்தான்,
நான் பேரம் பேசத்தான் வெளியே போனேன் என்று எண்ணி.
முழுத் திரையையும் வெள்ளையாக்கச் சொன்னேன்,
பிறகு கறுப்பு. செத்த புள்ளி ஒன்றும் இல்லை.
பணத்தைக் கொடுத்தேன்.

அறையில் அடுத்த கட்டில்காரர்கள் தூங்கியபின்
வெளிச்சத்தைக் கடைசிவரை குறைத்துவைத்து
யாரும் இனிக் கேட்கப்போகாத அந்த வரைபடத்தைத் திறந்து
எட்டை அழித்து ஐந்து போட்டேன்.
தேதிக்கட்டத்தில் என்ன எழுதுவது என்றுதான்
தெரியவில்லை.